என்ன வண்டி என்று கேட்கக் கூடாது

“எனக்கு இந்தத் தொழில்ல பங்கு வேணும்.”

கேட்டுவிட்டேன். அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதே என்று அம்மா எனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். அப்பா டீ கிளாஸை மேசையில் வைத்தார். பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த சித்தப்பாதான் முதலில் சிரித்தார்.

“மேடம் காலையிலயே ஆரம்பிச்சிட்டாங்க அண்ணே.”

ரோட்டில் நின்றுபோன வண்டிகளைத் தூக்கி வந்து ஒர்க்‌ஷாப்பில் விடுவதுதான் எங்கள் தொழில். இருப்பது ஒரே ஒரு கொக்கி வண்டி. பின்னால் இரும்புக் கை, அதில் சங்கிலி, கொக்கி. அந்தக் கை இப்போது தூக்கும்போதெல்லாம் முனகுகிறது. புது வண்டி வாங்கியே ஆக வேண்டும். எந்த மாதிரி வண்டி என்பதுதான் வீட்டில் சண்டை. எனக்கு ஃபிளாட்பெட் வேண்டும். அதன் தட்டு பின்னால் சரிந்து தரையைத் தொடும், காரைக் கம்பி சுற்றும் வின்ச் வைத்து இழுத்து மேலே ஏற்றிக்கொள்ளலாம். அப்பாவுக்கு இன்னும் பெரிய கொக்கி வண்டி வேண்டும். லாரியையே தூக்குகிற மாதிரி.

“லாரி கவுந்தா உன் தட்டுவண்டி என்ன பண்ணும்? தட்டுல வச்சுத் தாலாட்டுமா?” என்றார் சித்தப்பா.

“எந்த லாரி சித்தப்பா? ரெண்டு வருஷமா ஃபோன் எடுக்கறது நான். கூப்பிடறவங்க எல்லாம் கார்க்காரங்க. பாதிப் பேர் ஆட்டோமேட்டிக் வச்சிருக்காங்க, சக்கரம் உருள இழுத்தா கெட்டுப்போயிடும். லாரிக்காரன் ஒருத்தனாவது நம்மளக் கூப்பிட்டிருக்கானா?”

“பெரிய வண்டி வந்தா கூப்பிடுவான்” என்றார் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது என்பது போல டீயை எடுத்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்தப் படிப்பை வைத்து நான் ஒரு வார்த்தை பேசினால் மட்டும் காது அடைத்துவிடும். கனரக லைசென்ஸும் எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. பொண்ணு ஓட்டினால் கஸ்டமர் பயப்படுவானாம்.

ஃபோன் அடித்தது. ஒரு பெண், வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டதாம்.

“என்ன வண்டிங்க?” என்றேன்.

அப்பா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினார். “எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்கம்மா. வந்துர்றோம்.”

இது எங்கள் கடையின் சட்டம். என்ன வண்டி என்று கேட்கக் கூடாது. கேட்டால், தூக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களாம். தாத்தா காலத்தில் எல்லாக் காரும் ஒரே மாதிரி இருந்தது, கேட்கத் தேவையில்லை. தேவையில்லாதது இவர்கள் கைக்கு வந்து கௌரவமாகிவிட்டது.

மூன்று பேரும் கேபினில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். மேட்டில் நின்றது நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய கார். பக்கத்தில் ஆஸ்பத்திரி சீருடையோடு ஒரு நர்ஸ். கையில் காரோடு வந்த புத்தகம்.

“நாலு சக்கரமும் தரையில படாமத்தான் கொண்டு போகணும்னு இதுல போட்டிருக்கு.”

“அம்மா, நாங்க புஸ்தகம் படிச்சுத் தூக்கறதில்ல” என்று சித்தப்பா சங்கிலியை உதறினார். “முன்னாடி தூக்கினா பின்னாடி தானா வரும்.”

தானாக வரும்தான். பின் சக்கரம் உருள உருள உள்ளே கியர்பாக்ஸ் வெந்துகொண்டே வரும். ஒர்க்‌ஷாப்பில் இறக்கும்போது ஒன்றும் தெரியாது. பிறகு அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்வாள்.

“அப்பா, இது வேண்டாம்” என்றேன் மெதுவாக. காதில் விழாதது போல அவர் கொக்கியை இறக்கச் சொன்னார். கொக்கி காரின் அடிவயிற்றைத் தொட்டது.

நான் நர்ஸிடம் போனேன். “அக்கா, எங்ககிட்ட கொடுக்காதீங்க. ஃபிளாட்பெட் வச்சிருக்கறவங்க நம்பர் தர்றேன்.”

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நம்பரைச் சொல்லியிருக்க மாட்டேன்.

எதிர்க் கம்பெனி வண்டி வந்தது. அப்பா கிளம்பவும் இல்லை, உதவவும் இல்லை. கொக்கி வண்டியில் சாய்ந்து நின்று, தட்டு சரிவதையும் கார் பூப்போல மேலே ஏறுவதையும் பார்த்தார். சக்கரங்களுக்கு வார் போட்ட டிரைவர் என்னிடம் கேட்டான். “நீங்கதானே நம்பர் கொடுத்தது? எங்க ஓனரம்மா டிரைவர் தேடறாங்க. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.”

“எனக்கே லைசென்ஸ் இருக்கு” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஓனரம்மாவின் நம்பரைச் சொன்னான். மேட்டின் ஓரத்தில் நின்றபடியே பேசினேன். சாயங்காலம் வந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். ஆனாலும் மனசு அப்பா பக்கம்தான் இழுத்தது. இவ்வளவையும் கண்ணால் பார்த்த மனிதர், ஒரு வார்த்தையாவது சொல்வார்.

மூன்று பேரும் திரும்பினோம். கடைக்குள் நுழைந்ததும் அப்பா வெடித்தார்.

“கஸ்டமர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே!”

“அந்தக்கா கார் பொழச்சுதுப்பா.”

“யாரோ ஒருத்தி காருக்காக அப்பன நடுரோட்டுல நிக்க வச்சியா?”

“நீங்க நின்னதுக்குக் காரணம் நானில்லப்பா, அந்தக் கொக்கி. சரி, இப்பவாவது சொல்லுங்க. ஃபிளாட்பெட் எடுக்கலாமா?”

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். “அதுக்கெல்லாம் நேரம் தாண்டிப் போச்சு. போன வாரமே பெரிய கொக்கி வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு.”

போன வாரம். அப்போது நான் பழைய வண்டி விற்கிற யார்டு யார்டாக அலைந்து, வெயிலில் வண்டிகளுக்கு அடியில் படுத்து, ஹைட்ராலிக் குழாய் கசிகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் வந்து அப்பாவிடம் சொன்னேன். தினமும் “ம்” என்றார்.

“அப்ப ஏம்ப்பா என்னை அலைய விட்டீங்க?”

“நீ ஆசைப்பட்ட. சரி, பாத்துட்டு வரட்டும்னு விட்டேன்” என்றார். குரலில் கோபம் தணிந்து, குழந்தைக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தவரின் பெருந்தன்மை வந்திருந்தது. “போனது போகட்டும். பங்கு கிங்குன்னு பேசாம ஃபோனப் பாத்துக்கோ. புது வண்டி வந்தா வேலை குவியும்.”

எனக்கு அழுகை வரவில்லை. மேசை டிராயரிலிருந்து என் லைசென்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

“எங்க போற?”

“வேலைக்கு.”

“என்ன வேலை? யார்கிட்ட?” என்று அப்பா எழுந்தார்.

“வண்டி ஓட்டற வேலை. மேட்டுல நின்னப்பவே பேசிட்டேன்.”

“அண்ணே, மேடம் கோபத்துல பேசறாங்க, பசிச்சா வருவாங்க” என்றார் சித்தப்பா. அப்பா அவரை அதட்டவில்லை.

வாசலை மறித்துக் கொக்கி வண்டி நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து, தோளில் கிரீஸ் அப்ப, தெருவுக்கு வந்தேன். பின்னால் அப்பா என்னைக் கூப்பிட்டார். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.