டப்பாக்களை எண்ணச் சொன்னார்கள்

வாதிம் யூரியேவிச் தன் பங்குப் பாலாடைக்கட்டியை அவள் பக்கம் மிதக்கவிட்டபோதே ஏதோ சரியில்லை என்று ரிம்மாவுக்குப் பட்டது. கொட்டை கலந்த அந்தப் பொட்டலத்துக்காக ஐந்து மாதமாகச் சின்னப் பிள்ளை மாதிரி சண்டை போட்ட மனிதர். விண்வெளி நிலையத்தில் இருப்பது இவர்கள் இரண்டே பேர். அவர் தளபதி, அவள் பொறியாளர்.

காலையில்தான் தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கோஸ்த்யா, சாப்பாட்டு டப்பாக்களை எண்ணிச் சொல்லும்படி போகிற போக்கில் கேட்டிருந்தான். கிளம்பப் போகிறவர்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் அவர்கள் இறங்க வேண்டும். செப்டம்பர் ஒன்றாம் தேதி ரிம்மாவின் மகள் ஆஸ்யா முதல் வகுப்புக்குப் போகிறாள். பூங்கொத்தோடு கூட்டிப் போவது அம்மாதான் என்று பேச்சு.

"எனக்கெதுக்கு இது?"

"சாப்பிடும்மா. எனக்கு இன்னிக்கு இறங்கல."

"பொய் சொல்லாதீங்க வாதிம் யூரியேவிச். உங்களுக்கு எப்போ தெரியும்?"

அவர் மேசைக் குழியில் சூடேறிக்கொண்டிருந்த மீன் டப்பாவையே பார்த்தார். திங்கட்கிழமையே தெரியும் என்றார். மாற்று ஆட்கள் வரும் கலம் தயாராகவில்லை. இறங்கும் கலம் பக்கத்திலேயே நின்றாலும், நிலையத்தை ஆளில்லாமல் விட உத்தரவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வதென்று தரையிலுள்ள மருத்துவர்கள் யோசிக்கிறார்களாம்.

நான்கு நாளாக ஒரே மேசையில் அவளோடு தின்றிருக்கிறார். ரிம்மா மேசையை ஓங்கி அறைந்தாள். அறைந்த வேகம் அவளையே கூரைக்குத் தூக்கியது. கை பட்டுப் பிதுங்கிய சூப் பை, பீட்ரூட் சிவப்பில் உருண்டை உருண்டையாகக் கக்கியது. கோபித்துக்கொண்டு எழுந்து போக இங்கே இடமில்லை, அறைந்து சாத்தக் கதவில்லை. சூப் துளி மின்கருவிக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. துண்டை எடுத்து அவளே ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்தாள்.

அடுத்த வானொலித் தொடர்பில் கோஸ்த்யா எண்ணிக்கை கேட்டான்.

"முதல்ல நீ மாசத்தைச் சொல்லு. அப்புறம் நான் டப்பாவைச் சொல்றேன்."

மருத்துவர் பேசுவார் என்றான். அவள் விடவில்லை.

"உன் வாயால சொல்லு."

"டிசம்பர். பதினேழு." குரல் தாழ்ந்தது. "மன்னிச்சுக்க ரிம்மா."

"சாப்பாடு பத்தாதுன்னு சொன்னா? இறக்கித்தானே ஆகணும்?"

"சரக்குக் கலம் ஒண்ணு தயாரா நிக்குது. எவ்வளவு வேணும்னாலும் அனுப்பலாம்."

டப்பாவுக்குக் கலம் இருக்கிறது. வாதிம் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரிலிருந்த பட்டியலைப் பிய்த்து நீட்டினார். ரிம்மா வாங்கிக்கொண்டாள்.

"மீன், நூத்திப் பன்னெண்டு," என்று ஆரம்பித்தாள்.