அறுபத்தோராம் கேள்வி

உலக நாடுகளின் கணக்கு முறைகளைப் பிரித்து அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே விதிக்குள் கொண்டுவர ஒரு தலைமைச் செயலகம் இருக்கிறது. அது கேட்கும் நூற்று நாற்பது கேள்விகளுக்கு எங்கள் நாட்டின் சார்பில் பதில் எழுதுகிறவள் நான். ஜன்னல் இல்லாத அறையும், ஆடும் நாற்காலியும் அதற்குக் கிடைத்த மரியாதை.

கேள்வித்தாளில் ஒரு வழக்கம் உண்டு. கட்டம் காலியாக இருந்தால் 'உலக விதியோடு வேறுபாடு இல்லை' என்று அர்த்தம். பதில் அனுப்பாத நாடுகளைத் துரத்தி அலுத்துப்போனவர்கள் போட்ட விதி. 'வேறுபாடு' என்று எழுதினால் நம் விதி பிழைக்கும். காலியாக விட்டால் அடுத்த ஆண்டே அதற்குச் சங்குதான்.

அறுபத்தோராம் கேள்விக்கு மட்டும் மூன்று பக்கம் எழுதினேன். லாபம் என்று வாயைத் திறப்பதற்கு முன், தொழிலாளியின் ஓய்வுக்காலப் பணத்தை நிறுவனம் தனியே ஒதுக்கிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. உலக விதிப்படி அதை ஓர் அடிக்குறிப்பில் சொன்னால் போதும். அப்பா வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலை திவாலானபோது, அப்படி ஒதுக்கிய பணத்தில்தான் அக்காவும் நானும் படித்தோம்.

தாளைச் செயலகத்தின் மாநாட்டுக்குக் கொண்டுபோனவர் அத்தான். அக்காவின் கணவர், எனக்கு மேலதிகாரியும்கூட. கிளம்பும் அவசரத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து போடு பாப்பா. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

வீட்டு மனுஷர் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

மாநாடு முடிந்து, நாடுகளைத் தரம் பிரித்த பட்டியல் வந்தது. எங்கள் நாடு முதல் பிரிவில், 'முழு இணக்கம்' என்ற தலைப்பின் கீழ். பதறிப்போய், பதிவான பிரதியை வரவழைத்தேன். அறுபத்தோராம் கட்டம் காலி. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

"அந்த மூணு பக்கம் எங்க, அத்தான்?"

அவர் தலை நிமிரவில்லை. "பேச்சுவார்த்தைன்னா விட்டுக்கொடுக்கணும். நூத்தி நாப்பதுல ஒண்ணுதானே?"

"அந்த ஒண்ணுலதான் நாங்க சாப்பிட்டோம். அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்டைக் காலி பண்ணிட்டிருக்கா. தலைமைச் செயலகத்துல எனக்கு வேலை போட்டிருக்காங்க, குடும்பத்தோட போறோம்."

இவருக்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பேன்! அக்காவை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வந்தது. அன்றே அந்த மூன்று பக்கங்களின் நகலை இணைத்து, திருத்தம் கேட்டுச் செயலகத்துக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தயாரித்தவரே கையெழுத்திட்ட தாளில் வேறுபாடு எதுவும் சொல்லப்படவில்லை, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. கீழே, முதல் பிரிவு நாடுகளின் பொறுப்பாளர் என்று அத்தானின் கையெழுத்து.

என் மூன்று பக்கங்களும் கூடவே திரும்பி வந்திருந்தன. இரண்டாம் பக்கத்தில், அப்பாவின் தொழிற்சாலை மூடிய ஆண்டை நான் தவறாக எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அதைச் சரியாகத் திருத்தியிருந்தார்.

படிக்காமல் தள்ளியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.