அண்டங்காக்கை சாப்பிடும் வரை

என் மாலை வகுப்புக்கு விடுமுறை எப்போது என்று பார்த்துத்தான் நான் இந்தப் பயணத்துக்குத் தேதி போட்டேன். நாங்கள் குடியிருக்கும் ஃப்ரீமான்டிலிருந்து மொன்டானாவின் வடகோடியில் இருக்கும் அந்தப் பெரிய பூங்கா வரை எங்கே கூடாரம், எங்கே பெட்ரோல் என்று எல்லாம் பார்த்தேன். தமிழ்க் காலண்டரை மட்டும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் மாமனார் ஏரித் தண்ணீரில் குளித்து, விபூதி பூசி வந்து நின்றபோதுதான் அன்று ஆடி அமாவாசை என்று தெரிந்தது. ராமாத்தாள் அத்தை போன பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை.

என் முகம் போன போக்கைப் பார்த்து மாமாவே சொன்னார்: "இருக்கட்டும் அம்மிணி. சோறு மட்டும் பொங்கிக் குடு. காக்காய்க்கு வெச்சிட்டு நான் சாப்பிட்டுக்கறேன்."

கேஸ் அடுப்பில் சாதமும் பருப்பும் வைத்தேன். மாமா அதைக் காகிதத் தட்டில் வாங்கிக்கொண்டு பாறைப் பக்கம் போய், "கா, கா" என்று கூப்பிட்டார். காக்கைக்கு முன்னால் பூங்காக் காவலரான ரேஞ்சர் அம்மா வந்துவிட்டார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஒரு பருக்கை வெளியே வைக்கக் கூடாது என்றார். நம் சோற்றுக்குப் பழகிய பறவை அப்புறம் கூடாரத்தைக் கிழிக்கும்; வாசனைக்குக் கரடியும் வரும். என் கணவர் இளமாறன் அதைத் தமிழில் சொன்னார்.

"அப்ப எனக்கும் வேண்டாம்" என்று மாமா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்.

சர்க்கரைக்கான மாத்திரையை அவர் எழுந்ததுமே போட்டிருந்தார். வெயில் ஏற ஏற அவர் விரல்கள் நடுங்கத் தொடங்கின. ஜூஸ் கொடுத்தேன், தொடவில்லை.

"அப்பா, சுகர் லோ ஆயிரும். ஆஸ்பத்திரிக்கு ரொம்ப தூரம் டிரைவ் பண்ணணும். சாப்பிடுங்க."

"உங்கம்மா சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேன்டா."

"தினமும் உங்களுக்கு அப்புறம்தானே அம்மா சாப்பிட்டாங்க?"

"அதனாலதான் சொல்றேன். இன்னிக்காவது அவ முதல்ல சாப்பிடட்டும்."

விதியை மீறி ஒரு பிடி வீசிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, காரின் பக்கம் டக் டக் என்று சத்தம் கேட்டது. பம்பர் மேல் ஓர் அண்டங்காக்கை. வழியெல்லாம் காரின் முன்பக்கத்தில் மோதி ஒட்டிப்போயிருந்த பூச்சிகளை அது ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது.

"மாமா, இங்க வாங்க."

என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது நாம வெச்சதுன்னு ஆகாதுங்களா மாமா?" என்றேன். கேட்ட பிறகு, சடங்கை விளையாட்டாக்கிவிட்டேனோ என்று பயம் வந்தது.

மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஃப்ரீமான்ட்ல இருந்து நாமதான கொண்டாந்திருக்கோம்."

"அமாவாசை அதுவுமா அசைவம்ப்பா அது" என்றார் இளமாறன்.

"ராமாத்தாளுக்கு என்னிக்குடா வெறும் பருப்புல சோறு எறங்குச்சு?"

மர பெஞ்சில் உட்கார்ந்து அவரே தட்டுக்குக் கை நீட்டினார். இரண்டு வாய் சாப்பிட்டதும், பருப்பில் உப்புப் பத்தவில்லை என்றார். உப்பு டப்பா காருக்குள் இருந்தது. இளமாறன் சாவியோடு எழுந்தார்.

"உக்காருடா" என்றார் மாமா. "அவ இன்னும் சாப்பிட்டு முடிக்கல."