நீலம் தடவிய ஃபுட்ரெஸ்ட்

கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு நாகவல்லி எழுந்தாள். காலையிலிருந்து குந்தியே வேலை பார்த்ததில் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. முகம் மட்டும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் முகம்போல இருந்தது. எதிரே எண்பத்தைந்தாம் வருஷத்து ஆர்.டி. 350 பைக் நின்றது. கால் வைக்கும் இடம் ஒரு சாண் பின்னுக்கும் நாலு விரற்கடை மேலுக்கும் போயிருந்தது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அது வேறு வண்டியாகவே தெரிந்தது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், பார்த்து அலுக்கவில்லை.

மண்ணூர்பேட்டையில் தொழிற்பேட்டை எஸ்டேட்டை ஒட்டிய சின்ன ஒர்க்‌ஷாப் அது. அவள் அங்கே குவாலிட்டியில் இருக்கிறாள். மற்றவர்கள் செய்து கொண்டுவருவதை அளந்து, சரியில்லை என்று திருப்பி அனுப்புவது அவள் உத்தியோகம். அப்படி அதிகம் திருப்பி வாங்கியவன் லேத் ஓட்டும் மோகன். அவனையே கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் முதலாளி சாவியைக் கொடுத்திருந்தார். மில்லிங் மெஷின் ஓட்டும் ஜமீலாவும் ஒத்தாசைக்கு வந்திருந்தாள்.

போன மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில், பழைய வண்டிகளுக்கான பயிற்சி நாளில், இடது வளைவில் சாய்த்தபோது ஃபுட்ரெஸ்ட் தரையில் இடித்து வண்டி அவளைத் தூக்கி எறிந்தது. முழங்கையில் தோல் போனது, அவ்வளவுதான். ஆனால் வேலிக்கு வெளியே நின்று பார்த்த மோகனுக்கு அன்றைக்குப் போன உயிர் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு பந்தயம். ஓடுவதா இல்லையா என்று இன்று மாலை ஆறு மணிக்குள் சொல்லியாக வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டை மேலே ஏற்றும் ரியர்செட்டை வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். காலையில் கதவைத் திறக்கும்போதே அவன் நிபந்தனையையும் போட்டுவிட்டான்.

"இந்த தபா தரைல பட்டுச்சுன்னா பேரக் குடுக்கக் கூடாது. சரின்னு சொல்லு."

"படாது மாமா."

"சரின்னு சொல்லு."

"சரி."

கூரியரில் வந்த செட்டு வேறு வண்டிக்குச் செய்தது. ஃபிரேம் துளைக்கும் அதற்கும் பதினோரு மில்லிமீட்டர் உதைத்தது. அதற்கா அசருவார்கள்? நாகவல்லி அளந்து படம் போட, ஜமீலா தகடு வெட்ட, மோகன் துளைக்குள் செருகும் புஷ் கடைந்தான். இடது வலது உயரம் நூலிழைகூடப் பிசகவில்லை. பின்னால் போனதில் கியர் மட்டும் தலைகீழாகிவிட்டது. முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றதெல்லாம் கீழே அழுத்த வேண்டும். இது முன்பே தெரியும் என்பதால் ஒரு வாரமாக இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு அடியில் இடது காலை ஆட்டி ஆட்டிப் பழகியிருந்தாள். தையல் மெஷின் வாங்கப் போகிறாயா அக்கா என்று ஜமீலா கிண்டலடித்தபடியே இருந்தாள்.

சோதனைக்கு ஒரு வழியும் தயாராக இருந்தது. இரண்டு பாகம் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க ஒர்க்‌ஷாப்பில் நீலப் பசை தடவுவார்கள். பட்ட இடத்தில் நீலம் அழிந்துபோகும். அதை மோகனே இடது ஃபுட்ரெஸ்ட் நுனியில் கனமாக அப்பினான். விரலில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது என்பதால் தீக்குச்சியால்தான் தடவினான். எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினார்கள். கேட் காவலுக்கு இருக்கும் துலுக்கானம் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டியையே உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் ஜோரா கீதும்மா. கிக்கர எங்க உதைப்ப?"

நாகவல்லி கிக்கரை வெளியே இழுத்து மிதித்தாள். பாதி தூரம் இறங்கி, புத்தம்புது ஃபுட்ரெஸ்ட்டின் மேல் ணங்கென்று உட்கார்ந்தது. அவள் போட்ட படத்தில் கிக்கர் மடக்கியபடி இருந்தது. படத்தில் இருந்ததைத்தானே மூன்று பேரும் அளந்தார்கள். உதைத்தால் அது கீழே வரும் என்பது மட்டும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. முதலில் ஜமீலாதான் சிரித்தாள். அப்புறம் நாகவல்லிக்கும் அடக்க முடியவில்லை. மோகன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தேகால். எல்லாவற்றையும் கழற்றி மாட்ட நேரமில்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து கை வைத்தான்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். கிளட்ச்சைப் பிடித்து, இரண்டாவது கியருக்குக் காலை அழுத்தினாள். மோகனும் ஜமீலாவும் தள்ள, துலுக்கானம் கேட்டை விரியத் திறந்தார். பத்தடி ஓடியதும் கிளட்ச்சை விட்டாள். வண்டி இருமி, உதறி, தெருவே அதிரும்படிக் கத்தியது. எஸ்டேட் தெருவில் ஒரு லாரி கூட இல்லை. நீலப் புகையும் ஆயில் வாசனையும் பின்னால் நிற்க அவள் பறந்தாள். முட்டி டாங்க்கை அணைத்துக்கொண்டது, இடுப்பு தானாகப் பின்னுக்குப் போனது. இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கிடங்கு மூலையில் இடது வளைவு. துலுக்கானம் விளக்குமாற்றால் மணலெல்லாம் பெருக்கி வைத்திருந்தார். வளைவு நெருங்க நெருங்க முழங்கைத் தழும்பு எரிவதுபோல இருந்தது. சாய்க்கப் போனவள் சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். வண்டி பாட்டி நடைபோல வளைந்தது. எஸ்டேட்டைச் சுற்றி ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தபோது வேகத்தைக் குறைத்தாள், நிறுத்தவில்லை. நின்று எஞ்சின் அணைந்தால் திரும்பத் தள்ள வேண்டும். மோகன் பக்கத்திலேயே ஓடிவந்து குனிந்து பார்த்தான். ஒரு மாதமாக அவனிடம் காணாத சிரிப்பு அப்போது வந்தது.

"நீலம் அப்டியே கீது வல்லி. பேரக் குடுத்துரு."

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவனே சொல்லிவிட்டான், போன் ஜமீலா கையில் தயாராக இருக்கிறது. ஆனால் பத்து வருஷமாக ஊரார் வேலையைத் திருப்பி அனுப்பிய மனசு கேட்கவில்லை.

"நான் சாய்க்கவே இல்ல மாமா."

அவன் சிரிப்பு நின்றது. ஓட்டம் நிற்கவில்லை. இன்னும் நாலு எட்டு கூடவே ஓடிவந்தவன், கையை எடுத்து வண்டியின் பின்பக்கத்தில் வைத்து ஒரு தள்ளு தள்ளிவிட்டான்.

இரண்டாவது சுற்றில் வளைவை அவள் தேடிக்கொண்டே போனாள். பிரேக், ஒரு கியர் குறைப்பு, மேலே தூக்க வேண்டும் என்று கால் தானாக நினைவு வைத்திருந்தது. உடம்பை உள்ளே விட்டுச் சாய்த்தாள். போன மாதம் விழுந்த சாய்வைத் தாண்டிச் சாய்த்தாள். தார் ரோடு முகத்துக்கு அருகில் வந்து ஓடியது. காலடியில் சர்ரென்று ஒரு சத்தம். வண்டி உதறவில்லை, கோட்டை விட்டு விலகவில்லை. உரசியது ஷூவா இரும்பா என்று தெரியவில்லை. பயமும் சந்தோஷமுமாக வாய்விட்டுக் கத்தினாள். ஹெல்மெட்டுக்குள் அது அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

வாசலில் மோகன் தயாராக நின்றிருந்தான். அவள் முதல் கியரில் உருட்டிக்கொண்டே வர, ஓடினான், குனிந்தான். ஷூ நிழலில் கண்ணுக்குப் பிடிபடவில்லைபோல, ஓடிக்கொண்டே கையை நீட்டித் தடவினான். மூச்சு இரைத்ததில் அவனால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பின்தங்கிவிட்டான்.

நாகவல்லி திரும்பிப் பார்த்தாள். நடுத்தெருவில் ஒரு கையை முட்டியில் ஊன்றி, குனிந்து மூச்சு வாங்கியபடி, இன்னொரு கையை அவன் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் முழுக்க நீலம்.