பேசாத நோயாளி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்று எனக்கு மாட்டிவிட்ட அங்கி பச்சை என்பேன். நீலம் என்பாள் மனைவி. அவள் உள்ளே வந்தபோது நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன் என்பேன். குறட்டையே விட்டேன் என்பாள். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்த எங்கள் மகள் சொல்வதுதான் எல்லாவற்றிலும் விவரமாக இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் சொல்லித்தான் கேட்க விரும்புகிறார்கள். சிரிப்பு வரும் இடத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், மறுப்பேனோ என்று. நான் யோசித்து முடிப்பதற்குள் கதை அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடிக்கும். குடிநீர் வாரியத்தில், தெருக்களுக்கு அடியில் குழாய்கள் எப்படிப் போகின்றன என்று வரைகிறவன் நான். குழாய்கள் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. மனைவி என்னை ஊமைக்கோட்டான் என்பாள். பிரியமாக இருக்கும் நாட்களில் வெறும் கோட்டான்.

அவள் வேதியியல் படித்துவிட்டு, டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே விற்பனைப் பிரிவுக்குத் தலைமையாகவும் ஆகியிருந்தாள். ஒருநாள் குளியலறைக்கு டைல்ஸ் பார்க்க வந்த ஒருவர் கடையிலேயே சுருண்டு விழுந்தார். ஆளாளுக்குத் தண்ணீருக்கு ஓடினார்கள். ஆம்புலன்ஸோடு வந்த நர்ஸ் பெண் தரையில் முட்டி போட்டு, அவர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, காதருகே குனிந்து ஏதோ கேட்டாளாம். அவரும் பதில் சொன்னாராம்.

"நான் கையில டைல்ஸ வெச்சுக்கிட்டே நின்னேங்க" என்றாள் வீட்டுக்கு வந்து. "அதக் கீழ வெக்கக்கூடத் தோணல."

அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டு, நர்ஸிங் படிக்கப்போவதாகச் சொன்னாள். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்கு நர்ஸிங் கல்லூரியில் சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு அந்த வருடம்தான் கடைசி. தவறவிட்டால் அத்தோடு சரி.

"அம்மா, நீயும் நானும் ஒரே சமயத்துல காலேஜ் போனா யாரு சமைக்கிறது?" என்று கேட்டாள் மகள். அவள் பள்ளிக் கடைசி வருடத்தில் இருந்தாள்.

"ஏன், உங்கப்பா இல்ல?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சரின்னுட்டாரு" என்றாள் மனைவி.

விண்ணப்பம் போனது. எழுத்துத் தேர்வில் தேறினாள். மிச்சமிருந்தது நேர்முகமும், அதோடு சேர்ந்த ஒரு சோதனையும். நோயாளிபோல் நடிக்கும் ஒருவர் கட்டிலில் படுத்திருப்பார். விண்ணப்பித்தவர் அவரிடம் எப்படிப் பேசுகிறார், எப்படிப் பழகுகிறார் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

எங்கள் வீட்டில் நடிக்கவே தேவையில்லாத ஒருவன் இருந்தான். சாயங்காலமானால் என்னைக் கட்டிலில் படுக்கவைத்துவிடுவார்கள். மகள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்து மதிப்பெண் போடுவாள்.

"வணக்கம் ஐயா. உங்களுக்கு எங்க வலிக்குது?"

நான் யோசிப்பேன். உண்மையில் எங்கேயாவது வலிக்கிறதா என்றுதான்.

"ஐயா, எங்க வலிக்குது? வயிறா? தலையா? நெஞ்சா? எதையாவது சொல்லித் தொலைங்களேன்! இந்த மனுஷன்கிட்ட கேக்குறதுக்குச் சுவத்துகிட்ட கேக்கலாம்."

"பேஷன்ட்டத் திட்டினதுக்கு மைனஸ் மார்க்" என்பாள் மகள்.

"உனக்கென்னடி தெரியும்? கல்யாணமான நாள்லேர்ந்து நான் இந்தப் பேஷன்ட்டோட குடும்பம் நடத்துறேன்."

சில நாள் இப்படிப் போனது. பிறகு அவளுக்கே அலுத்துவிட்டது. ஒருமுறை கேள்வியைக் கேட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அங்கே கிடந்த துவைத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு சட்டை, ஒரு துண்டு, இன்னொரு சட்டை. துணி மடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

"முதுகு" என்றேன். "வலது பக்கம். மேஜை உயரம் சரியில்ல."

மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பாவுக்கு நெஜமாவே வலியாம்மா!"

அன்றைக்குத் தைலம் தேய்த்துவிட்டார்கள். மதிப்பெண்ணை மறந்துவிட்டார்கள்.

நேர்முகத்தன்று நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கிளம்பும்போது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். எனக்குத்தான் இறங்கவில்லை. அவளைவிட எனக்குப் பதற்றம் அதிகம்; வெளியில் தெரியாது, அவ்வளவுதான். கல்லூரித் தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சுகள். பினாயில் வாசனை. சின்னப் பெண்களாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என் மனைவியிடம் நகர்ந்து வந்தாள்.

"ஆன்ட்டி, உங்க பொண்ணு உள்ள போயிட்டாங்களா?"

"என் பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கா. நான்தான் உள்ள போகணும்."

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மனைவி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினாள்.

முதலில் நேர்முகம். மனைவியை எதிர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போன கையோடு, மறுகோடியிலிருந்து அலுவலக உதவியாளர் ஒருவர் ஏறக்குறைய ஓடிவந்தார். பெஞ்சில் இருந்த ஒரே ஆண் நான்தான்.

"சார், வந்துட்டீங்களா! உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். மேடம் கத்துறாங்க. வாங்க, வாங்க!"

என்னை எதற்குத் தேட வேண்டும் என்று யோசித்தேன். மனைவி சம்பந்தமாக ஏதாவது கேட்கப்போகிறார்களோ? எழுந்து கூடவே போனேன். கேட்டுவிடலாம் என்று சொற்களைக் கோர்த்து முடித்தபோது, அவர் என் சட்டைக்கு மேல் பச்சை அங்கியை மாட்டி, முதுகில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் மூத்த ஆசிரியை நின்றிருந்தார். கனத்த உடம்பு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. ஒரு காலில் மட்டும் பாரத்தைப் போட்டு நின்றார்.

"நாடகக் குழுவுல சொல்லி அனுப்பினாங்கல்ல? உங்களுக்கு வயித்து வலி. ஆனா யார் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லணும். உள்ளுக்குள்ள பயம், வெளிய காட்டிக்க மாட்டீங்க. புரிஞ்சுதா?"

நான் நாடகக் குழு ஆளில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூடினேன்.

"அதேதான்!" என்றார் அவர். "பேச வந்து பேசாம விடுறீங்க பாருங்க, பிரமாதம்! போன வருஷம் வந்த ஆளு தொணதொணன்னு வசனம் பேசிட்டாரு."

அதற்குமேல் எனக்குத் துணிச்சல் இல்லை. நான் யாரென்று சொன்னால் மனைவியின் வாய்ப்பு கெட்டுவிடுமோ? சொல்லாவிட்டால் கெட்டுவிடுமோ? இந்த இரண்டில் எது என்று முடிவெடுப்பதற்குள் முதல் பெண் உள்ளே வந்துவிட்டாள்.

அவள் மூச்சுவிடாமல் கேள்விகளாகக் கேட்டாள். நான் எதற்கும் பதில் சொல்லவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்தவள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள், நடுவில் ஒரு வரி மறந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். தண்ணீர் வாங்கிக் குடித்த பெண், "பயப்படாதீங்க அங்கிள்" என்று என் கையைப் பிடித்தாள். கட்டிலே ஆடியது. நான்தான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். எல்லோரிடமும் "ஒண்ணுமில்ல" என்றேன். அன்றுவரை எந்த வேலைக்கும் நான் அத்தனை பொருத்தமாக இருந்ததில்லை.

பிறகு மனைவி வந்தாள்.

பெஞ்சில் விட்டுப்போன புருஷனைக் கட்டிலில் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். அதிலும் சாப்பிடாமல் வந்தவன்.

"ஏங்க! ஐயோ, என்னாச்சு? சாப்பிட்டு வாங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!" ஒரே எட்டில் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "மேடம், எப்ப விழுந்தாரு? நின்னு வேடிக்கை பாக்குறீங்களே, துடிப்பு எப்படி ஓடுது பாருங்க!"

ஓடத்தான் செய்தது. ஆசிரியை வியப்போடு எதையோ குறித்துக்கொண்டிருந்தார். நடிப்பு என்று நினைத்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"நம்பாதீங்க மேடம். இந்த ஆளு எப்பவும் இப்படித்தான்." அங்கிக்குள் கை விட்டு என் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள். "எனக்கு உங்க பரீட்சையும் வேணாம், சீட்டும் வேணாம். டாக்டரக் கூப்பிடுங்க!"

அவள் எதை வேண்டாம் என்கிறாள் என்று எனக்குத் தெரியும். யோசிக்க நேரமில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு நெஜமாவே ஒண்ணுமில்ல. நாடகக்காரர் வரல. என்னை அவருன்னு நெனச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நான் இல்லன்னு சொல்றதுக்குள்ள அங்கியக் கட்டிட்டாங்க. மேடம், இவங்க என் மனைவி. இவங்க மேல தப்பு இல்ல."

ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசி மனைவியே கேட்டதில்லை. அவள் என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. ஆனால் பிடி மாறியிருந்தது, நகம் பதிந்தது.

"வீட்டுக்கு வாங்க" என்றாள், மெதுவாக.

ஆசிரியை எழுதுவதற்காக மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினார். உதவியாளர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க நடிகர் இல்லையா?" என்றார் ஆசிரியை என்னிடம். "சரி, மத்தவங்களுக்கு நீங்க ஒரே மாதிரிதான் இருந்தீங்க, அது செல்லும். இவங்களுக்குச் செல்லாது. சொந்தப் புருஷன வெச்சு மார்க் போட முடியாது." அறையைச் சுற்றிப் பார்த்தார். வேறு யாருமில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, தானே கட்டிலில் ஏறிப் படுத்தார். "நீங்க வெளிய போங்க சார்."

அங்கியோடு தாழ்வாரத்துக்கு வந்தேன். "அங்கிளுக்குக் குணமாயிடுச்சு" என்றாள் ஒருத்தி. பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதன் வழியே பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை. ஆசிரியை உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். பதில் இல்லை. இப்போது அவள் பொறுமை இழந்தால் எல்லாம் போயிற்று.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கம்பியில் தொங்கிய துண்டை எடுத்து மடியில் விரித்து, மடிக்கத் தொடங்கினாள். மடித்து முடித்தாள். பிரித்தாள். ஓரங்களைச் சேர்த்து மறுபடி மடித்தாள். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்பது மட்டும் அதுவரை தெரியாமல் இருந்தது.

கடைசியில் ஆசிரியையின் உதடுகள் அசைந்தன.

அவர் சொன்னதை மனைவி வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள். "முழங்காலு" என்றாராம். "மாடிப்படி ஏறவே முடியல. யார்கிட்டயும் சொல்லல." வயிற்று வலி என்பதுதான் ஏற்பாடு. முழங்காலைப் பற்றி ஏற்பாட்டில் ஒன்றும் கிடையாது. மனைவி எழுந்து, தலையணையை அவர் முழங்காலுக்கு அடியில் வைத்ததை நானே பார்த்தேன்.

"காலையிலேர்ந்து வந்தவங்கள்ல ஒருத்திக்கும் வாய மூடிக் காத்திருக்கத் தெரியல" என்றாராம் அவர், எழுந்து உட்கார்ந்த பிறகு. "உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் சொல்லிக்கொடுக்கல மேடம். வெளிய அங்கியோட நிக்கிறாரே, அவரோட இருந்தா தானா வந்துடும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பேருந்து எங்கள் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது.

மனைவிக்கு இடம் கிடைத்தது. முதல் பட்டியலில் இல்லை. யாரோ சேராமல் போனதால் கிடைத்தது. படித்து முடித்து இப்போது எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்கிறாள். மூத்த ஆசிரியைக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவரைப் பார்த்துக்கொண்டவர்களில் இவளும் ஒருத்தி. சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளி என்று இன்றும் குறை சொல்வாள். நாடகக்காரர் தேதியை மறந்து மறுநாள் வந்து நின்றாராம். கை நடுங்கிய பெண்ணுக்கு நடுக்கம் போய்விட்டது. இவளோடு படித்தவள், இவளுக்கு முன்பே பதவி உயர்வு பெற்று, இப்போது இவளுக்கு மேலதிகாரி, இன்னும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். மகள் புள்ளியியல் படித்தாள். நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். ஆண்டுதோறும் கல்லூரியிலிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள்; போய்ப் படுத்துவிட்டு வருகிறேன்.