நடைபாதையில் நின்ற இரண்டு சக்கரங்கள்

"நடைபாதையும் ரோடுதான், நெவில். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"பின்சக்கரம் மட்டும்தானே ஹிலரி வெளிய நிக்குது? இந்த முட்டுச்சந்துல என்ன பட்டாளமா நடந்து போகுது?"

"ரோட்டுல வைக்கமாட்டேன்னு அரசாங்கத்துக்குச் சொல்லிட்டுத்தானே வரி கட்டாம இருக்கீங்க? அப்ப முழுக் காரும் உங்க இடத்துக்குள்ள நிக்கணும். பின்சக்கரமும் கார்லதான் சேர்த்தி."

நான் அப்போது ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாளும் துடைத்த கண்ணாடிதான். யார்க்‌ஷர் மழைக்கு எத்தனை முறை துடைத்தாலும் தகும்.

எதிர்வரிசையில் இருக்கும் ஹிலரி பிக்கர்ஸ்கில், நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குப்பைத்தொட்டியைத் தப்பான கிழமையில் வெளியே வைத்தால் மறுநாளே கதவிடுக்கு வழியாகக் குறிப்பு வந்து விழும்; "அன்புடன்" என்று வேறு முடித்திருப்பாள். எதிர்வீட்டு நெவிலின் மனைவி போர்ச்சுகலுக்குப் போனவள், வெயில் நன்றாக இருக்கிறது என்று அங்கேயே தங்கிவிட்டாள். அவரிடம் மிஞ்சியது மகள் பிரையனியும், கப்பல் மாதிரி ஒரு மெரூன் நிறப் பழைய காரும். கராஜ் இருக்கிறது. ஆனால் கராஜில் காரை வைக்கிற வழக்கம் எங்கள் ஊரில் ஏது? அதற்குள் உடற்பயிற்சி சைக்கிளும் மிச்ச வால்பேப்பர் சுருள்களும் குடியிருந்தன. கார் வாசலில் நின்றது, வால் நடைபாதையில் கிடந்தது.

"திங்கட்கிழமையும் இப்படியே நின்னா புகார்தான். காரை இழுத்துட்டுப் போயிடுவாங்க" என்றாள் ஹிலரி.

நெவிலின் குரல் இறங்கியது. காற்றுக்காக ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன்.

"பிரையனிக்குக் கல்யாணம், ஹிலரி. அவ ஆறு வயசுல சொன்னா, இந்தக் கார்லதான் சர்ச்சுக்குப் போவேன்னு. நானும் சரின்னுட்டேன். வேற கார் எதுவும் பேசவே இல்லை."

"அப்ப வரியைக் கட்டிட்டு ஓட்டுங்க."

"வண்டி ஓடத் தகுதிதான்னு எம்.ஓ.டி. சோதனையில தேறாம வரி கட்ட விடமாட்டாங்களே. சோதனைக்கு எங்கயும் இடமில்லை. கல்யாணத்தன்னைக்குக் காலையில, பக்கத்து ஊர்ல ஒரே ஒரு நேரம் இருக்கு. சர்ச்சும் அந்த ஊர்தான். ஆனா தேறிட்டு வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போக நேரம் பத்தாது."

ஹிலரி கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். "முன்கூட்டியே நேரம் வாங்கியிருந்தா, சோதனைக்குப் போறதுக்கு மட்டும் வரியில்லாம ஓட்டலாம். இன்சூரன்ஸ் வேணும். நேரா போகணும். நடுவுல பால் வாங்கக்கூட நிறுத்தக்கூடாது."

"பொண்ணை ஏத்திக்கலாமா?"

"ஏத்தக்கூடாதுன்னு எங்கயும் எழுதலை."

அன்று சாயங்காலமே உடற்பயிற்சி சைக்கிள் தோட்டத்துக்குப் போனது. கராஜ் கதவைத் திறந்து, நானும் ஒரு கை கொடுத்து, காரை உள்ளே தள்ளினோம். மூக்கு கராஜுக்குள், வால் வாசலில். ஹிலரி குனிந்து பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றாள்.

கல்யாணத்தன்று பிரையனி வெள்ளை கவுனைச் சுருட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். நெவில் எங்கேயாவது நிறுத்துகிறாரா என்று பார்க்க, ஹிலரி தன் சின்னக் காரில் பின்னாலேயே புறப்பட்டாள். நான் ஹிலரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

அந்த இடத்தில் சோதனை மட்டும்தான். பழுதுபார்ப்பதில்லை, ஒரு திருகாணிகூட விற்பதில்லை. காத்திருப்போர் நாற்காலியில், டயர் விளம்பரத்துக்குக் கீழே, மணப்பெண் பூச்செண்டோடு உட்கார்ந்திருந்தாள். சோதனை செய்தவர் டெஸ்மண்ட் என்று ஒரு வழுக்கைத் தலைக்காரர். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கு. பின்னாடி நம்பர் பிளேட் விளக்கு மட்டும் எரியலை. பல்பு போயிருக்கு. ஃபெயில் போடணும்."

"பகல்லதானேய்யா கல்யாணம்?" என்றார் நெவில்.

"எனக்குப் பகல் ராத்திரி கிடையாது சார். இப்பவே மாத்தினீங்கன்னா பாஸ் போடுறேன்."

பிரையனி பூச்செண்டிலிருந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த ஹிலரி, டெஸ்மண்டிடம் திருப்புளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் ஒரு பல்பு இருந்தது.

"எங்கிருந்து இது?" என்றேன்.

"என் கார்லேர்ந்து."

பல்பு பொருந்தியது. டெஸ்மண்ட் பாஸ் போட்டார். பிரையனி அங்கேயே போனில் வரியைக் கட்டினாள்.

"கிளம்பலாமா, ஹிலரி?" என்று அவள் காரைப் பார்த்து நடந்தேன்.

"அதுல பல்பு இல்லையே. அதை ரோட்டுல எடுக்கமாட்டேன்."

"பகல்தானே?"

அவள் பார்த்த பார்வையில் நான் நெவில் கார் பக்கம் திரும்பினேன். டெஸ்மண்ட் மட்டும், வெகு நாளாகத் தேடிய பொருள் கண்ணில் பட்டதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கயே இருக்கட்டும்மா. என் சொந்த இடம், ரோடு இல்லை" என்றார். ஹிலரிக்குக் காது சிவந்தது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

பிரையனிக்கு இருபுறமும் நாங்கள் இருவரும், கவுனை மடிமேல் போட்டுக்கொண்டு, சர்ச் வாசலில் போய் இறங்கினோம். பாதிரியார் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிரையனி இப்போது லீட்ஸில் புருஷனோடு இருக்கிறாள். காரை எடுக்கப் போன ஹிலரி, ஒரு பல்பு மாட்ட ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டாள். அடுத்த வசந்தத்தில் அவளும் டெஸ்மண்டும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கடலோர விட்பிக்குக் குடிபோனார்கள். அங்கே இரண்டு கார்களும் முழுசாக உள்ளே நிற்கிற வாசலாம்.

வரி கட்டிய தைரியத்தில் நெவில் காரைத் தெருவிலேயே நிறுத்துகிறார், சரியாக என் ஜன்னலுக்கு முன்னால். சட்டப்படி ஒன்றும் சொல்வதற்கில்லை. ஹிலரி வீட்டுக்குப் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் மறைப்பதில் அவர்கள் தலை மட்டும்தான் தெரிகிறது.