தள்ளி ஒட்டிய டேப்

ஓட்டப் பயிற்சியாளர் வாங்கித் தந்த கோப்பைகளை வைக்க இடமில்லாமல், கல்லூரி முதல்வர் அறையில் ஃபைல்களைத் தரையில் இறக்கியிருந்தார்கள். அவரை ஜெயிக்க வைத்தது சந்தேகம். மூடி திறந்த பாட்டிலிலிருந்து மாணவிகளைத் தண்ணீர் குடிக்க விடமாட்டார். ஷூ ஆணிகளைத் தானே திருகிப் பார்ப்பார். இப்போது அதே கண்ணால் குருவியைப் பார்த்தார்.

தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடுபவள் குருவி. இரண்டாவதாக ஓடி வந்து அவளிடம் பேட்டன் குச்சியைத் தருபவள் பயிற்சியாளரின் தங்கை மகள். குருவி நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், பாதையில் ஒரு டேப் ஒட்டியிருக்கும். வருகிறவள் கால் டேப்பைத் தொட்டதும் குருவி பாய வேண்டும். அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது. கையை நீட்டினால் பேட்டன் வந்து உட்கார வேண்டும். இருவரும் முழு வேகத்தில் இருந்தால்தான் பேட்டன் தேங்காது. பந்தயத்தில் உண்மையில் ஓடுவது அதுதான்.

காலைச் சுற்றில் குருவி வேகம் பிடிப்பதற்குள் பேட்டன் வந்துவிட்டது. இருவரும் முட்டிக்கொள்ளாத குறை. தட்டுத்தடுமாறித்தான் சாயங்கால இறுதிப் போட்டிக்குத் தேறினார்கள். முந்தின நாள் எதிரணிப் பயிற்சியாளர் குருவியோடு சிரித்துப் பேசியதை இவர் பார்த்திருந்தார்.

"அந்தாளு என்ன தர்றேன்னான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"யாரு சார்?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா. விலைபோன மனசு லேட்டாத்தான் கிளம்பும். சாயங்காலம் நீ ஓட வேணாம்."

"டேப்பைப் பார்த்துதான் சார் கிளம்பினேன்."

அவர் கேட்கவில்லை. குருவி பையைத் தூக்கிக்கொண்டு பார்வையாளர் படிகளின் உச்சிக்குப் போனாள். இறுதிப் போட்டியில் ஓடுகிறவர்களிலிருந்துதான் தேசிய முகாமுக்கு ஆள் எடுப்பார்கள்.

பயிற்சியாளர் பாதைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். டேப்புக்குச் சற்றுப் பின்னால் பழைய பசைத் தடம். யாரோ டேப்பைப் பெயர்த்துக் குருவியின் பக்கமாக நகர்த்தி ஒட்டியிருந்தார்கள்.

குருவிதான் என்று நினைத்தவர், சட்டென்று நின்றார். கெடுக்க நினைப்பவள் டேப்பைப் பின்னால் அல்லவா தள்ளுவாள்? அப்போது முன்கூட்டியே பாய்ந்துவிடலாம். பேட்டன் எட்டவே எட்டாது, அணியே வெளியேறும். முன்னால் நகர்த்தினால் வாங்குகிறவள் தாமதமாகக் கிளம்புவாள். அது யாருக்கு வசதி? எட்டிப் பிடிக்கத் தெம்பில்லாமல் ஓடி வருகிறவளுக்கு.

தங்கை மகள் நிழலில் படுத்திருந்தாள். "குப்புறப் படு" என்று அவள் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, "முட்டியை மடக்கு" என்றார். பாதி மடங்குவதற்குள் அவள் பல்லைக் கடித்தாள்.

"தொடைத் தசை. எப்ப இருந்து?"

"போன வாரம். சொன்னா நிறுத்திடுவீங்க மாமா."

"மைதானத்துல நான் மாமா இல்ல. அவளைத் திட்டும்போது வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க. டேப்பை நகத்தின எனக்கே அவ மேல சந்தேகம் வந்துடுச்சு."

அவர் மூச்சிரைக்கப் படியேறினார். குருவி எழுந்திருக்கவில்லை.

"தப்பு என்னோடது. வந்து ஓடு" என்றார் தணிந்த குரலில்.

"இதை மட்டும் ஏன் சார் காதுல சொல்றீங்க? அதை ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னீங்களே."

கீழே அணி கூடியிருந்தது. மகளின் ஓட்டத்தைப் பார்க்க அப்போதுதான் வந்த தங்கை, அண்ணனைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் இறங்கிப் போய், தங்கை மகள் டேப்பை நகர்த்தியதையும், தான் குருவியைப் பழித்ததையும், எல்லோர் முன்னாலும், காலையில் பேசிய அதே குரலில் சொன்னார். இரண்டாவது ஆளாக மாற்று வீராங்கனையைக் கூப்பிட்டார்.

தங்கை அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மகள் முன்னால் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.

"வீட்டுப் பக்கம் வராதேண்ணா" என்றாள்.

குருவி அதற்குள் மாற்று வீராங்கனையோடு பாதையில் நின்று, டேப்பை எங்கே ஒட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.